தனியறையின் இசை: நிக் டிரேக்

நிக் டிரேக்கை (1948–1974) நாம் பெரும்பாலும் அவரது மரணத்திலிருந்தே கேட்கத் தொடங்குகிறோம். இங்கிலாந்தின் நாட்டாரிசை மரபில் கிளைத்த இப்பாடகர் 26 வயதில் மனச்சோர்வு மருந்தை மிகுதியாக உட்கொண்டு இறந்தார் என்ற செய்தி முந்திக்கொள்ள, பாடல்கள் அதற்கான சாட்சியங்களாகச் சுருங்கிவிடுகின்றன. அவற்றின் துயரத்தொனிக்கு வேறொரு வரலாறும் உண்டு.

ரங்கூனில் பிறந்து, இங்கிலாந்தின் டான்வொர்த்-இன்-ஆர்டன் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர் டிரேக். தாயார் மாலி, வீட்டுப் பியானோவில் தாமே பாடல் புனைந்து பாடியவர். அவருடைய கணவர் 1950களில் ஒலிநாடாவில் பதிந்துவைத்த அப்பாடல்கள் 2010களில் வெளியானபோது, மகனின் தாழ்ந்த குரலுக்கும் அடங்கிய சோகத்துக்குமான ஊற்று துலங்கியது. அவை மேடைக்கன்றி வீட்டாருக்காகப் பாடப்பட்டவை.

மகன் அந்த அறையைக் கிதாருக்குள் கொண்டுவந்தார் எனலாம். பாட்டுக்குப் பாட்டு தந்திகளை வெவ்வேறு சுருதியில் சேர்த்தார். விரல் படாத தந்திகளும் உடன் அதிர்ந்து குரலைச் சூழ்ந்தன. மேடையில் இதுவே வினையாயிற்று. ஒவ்வொரு முறையும் சுருதி மாற்றும் வரை நெடிய மௌனம். இரைச்சல் மிகுந்த அரங்குகளில் அக்குரல் எடுபடவில்லை. விரைவிலேயே அவர் மேடையை விட்டு விலகினார்.

1969இல் வந்த முதல் தொகுப்பில் கேம்பிரிட்ஜ் நண்பர் ராபர்ட் கிர்பி அமைத்த வயலின், செல்லோ இசை. 1971இல் வந்த இரண்டாவதில் டிரம்ஸும் ஊதுகருவிகளும். மூன்றாவதான 'பிங்க் மூன்' 1971 அக்டோபரில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும் உடனிருக்க, இரண்டே இரவுகளில் பதிவாகி 1972இல் வெளிவந்தது. 11 பாடல்கள், ஏறத்தாழ 28 நிமிடங்கள். தலைப்புப் பாடலில் ஒலிக்கும் சிறு பியானோ இழையைத் தவிர்த்தால் குரலும் கிதாரும் மட்டுமே.

இவ்வெறுமையை நோயின் வறட்சி என்பாருண்டு. நமக்கு அது உடன்பாடன்று. தந்திகளின்மீது விரல்கள் எங்கும் தடுமாறவில்லை, தாளம் குலையவில்லை. தொகுப்பின் கடைசிப் பாடல் விடியலைப் பாடுகிறது. அதன் சொற்களே அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளன. நோயுற்றிருந்த ஒருவர் தம் கலையில் எதை விலக்குவது, எதைக் காப்பது என்று தெளிந்து செய்த தேர்வு அது.

அவர் வாழ்ந்த காலத்தில் எத்தொகுப்பும் 5,000 பிரதிகள் விற்கவில்லை. 1999இல் ஒரு கார் விளம்பரம் 'பிங்க் மூன்' பாடலைப் பயன்படுத்திய பின்னரே பெருந்திரளான கேட்போர் வந்தனர். அரங்கில் தோற்ற அவ்விசை, தனித்திருந்து கேட்போரின் அறைகளில் தனக்குரிய இடத்தைக் கண்டடைந்தது. அங்கேனும் நாம் மரணத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, அந்த விரல்களைக் கேட்க வேண்டும்.