எழுத்தறிவுத் தேர்வும் தலைவரியும்

கல்வியின் பயன் மாந்தர்க்குக் கண் திறத்தலே என்பது ஆன்றோர் துணிபு. அக்கல்வியையே வாயிலடைக்குந் தாழாகக் கொண்ட ஒரு நாட்டின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1865-ஆம் ஆண்டு அடிமை முறை ஒழிந்தது. 1870-இல் நிறைவேறிய பதினைந்தாம் திருத்தம், இனம், நிறம், முன்னர் அடிமையாயிருந்தமை என்பன பற்றி எவர்க்கும் வோட்டுரிமை மறுத்தலாகாது என விதித்தது. தென் மாகாணங்களிலோ கறுப்பர் பெருந்தொகையினர். அவர்தம் வோட்டுக்கு அஞ்சிய வெள்ளையர், நிறம் என்னுஞ் சொல்லை எழுதாமலே நிறம் பார்க்கும் வழி தேடினர்.

1890-இல் மிஸிஸிபி மாகாணம் புதியதோர் அரசியற் சட்டம் இயற்றிற்று. அதன்படி ஆண்டுக்கு 2 டாலர் தலைவரி உண்டு. வோட்டளிக்க விரும்புவோன் முந்திய இரண்டாண்டு வரியையும் அவ்வாண்டு பெப்ருவரி முதல் நாளுக்குள் செலுத்திச் சான்று காட்டல் வேண்டும். கடனில் உழலும் குடியானவனுக்கு இது சிறு தொகையன்று. வரிப்பணம் பொதுப் பள்ளிகட்கு என்றது சட்டம். ஆயின், கட்டாதவன்மீது குற்ற வழக்குத் தொடுத்தலாகாது என்றும் அதுவே கூறிற்று. பொருளீட்டல் கருத்தாயின் இங்ஙனம் விதிப்பாருளரோ? கட்டாதிருத்தலையே அவர் விரும்பினர்.

மற்றொன்று எழுத்தறிவுத் தேர்வு. அரசியற் சட்டத்தின் யாதேனும் ஒரு பிரிவைப் படித்தல் வேண்டும். அன்றேல் பிறர் படிக்கக் கேட்டுப் பொருளுணர்தல், அல்லது தக்க விளக்கங் கூறல் வேண்டும். பிரிவைத் தெரிந்தெடுப்பவன் பதிவு அதிகாரி. விடையை மதிப்பவனும் அவனே. ஆகவே கல்லாத வெள்ளையன் தேறவும், கற்ற கறுப்பன் தவறவும் இடமாயிற்று. முடிவை முன்னரே எழுதி வைத்துப் பின்னர் வினாவுவதைத் தேர்வென்று கூற ஆசிரியராகிய எமக்கு நா எழவில்லை. அடிமைக் காலத்தில், தென் மாகாணங்கள் பலவற்றில், அடிமைகட்கு எழுத்தறிவித்தலே சட்டப்படி குற்றம் என்பதையும் நேயர்கள் நினைவு கூர்க. விளக்கை அவித்தோரே, இருளில் நின்றானென்று குற்றஞ் சாட்டினர்!

1898-இல் லூயிஸியானா மாகாணம் இன்னும் ஒருபடி சென்றது. 1867 ஜனவரி 1-ஆம் நாளிலோ அதற்கு முன்னரோ வோட்டுரிமை பெற்றிருந்தார்க்கும், அவர்தம் மக்கள் பேரர்க்கும் தேர்வு வேண்டா என்றது. அந்நாளில் ஆங்குக் கறுப்பர்க்கு வோட்டில்லை. கல்வியைச் சோதிக்கப் புகுந்த சட்டம் பாட்டன் யாரென்று வினவிற்று! 1896-இல் அம்மாகாணத்தில் பதிவு பெற்ற கறுப்பர் 1,30,334, 1900-இல் 5,320.

அதே 1898-இல் உச்ச நீதிமன்றம், மிஸிஸிபிச் சட்டத்தின் சொற்களில் நிறவேற்றுமை இல்லையென்று கூறி அதனைத் தள்ள மறுத்தது. பாட்டன் விதி 1915-இல் வீழ்ந்தது. நாட்டுத் தேர்தல்களில் தலைவரியை 1964-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. மாகாணத் தேர்தல்களில் 1966-ஆம் ஆண்டுத் தீர்ப்பு நீக்கியது. இடையில், 1965-ஆம் ஆண்டு வோட்டுரிமைச் சட்டம் தென் மாகாணங்கள் பலவற்றில் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்தியது. மிஸிஸிபிச் சட்டம் பிறந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே இந்நன்மை விளைந்தது.

விதி எல்லார்க்கும் பொதுவென எழுதப்பட்டிருத்தல் கண்டு மகிழ்ந்து அமைதல் போதாது. அளவுகோல் எவர் கையில் உளது, அளக்கப்படுவோர்க்குக் கற்க வழி திறக்கப்பட்டதா என்பவற்றையும் அறிவுடையோர் நோக்குவாராக.