துளைத்தாளும் சாயவேரும்

எமது பாடசாலையில் நடந்த கைப்பணிக் கண்காட்சிக்காக மாணவர்கள் வகுப்பறைச் சுவரொன்றை அலங்கரித்தனர். வைத்தியசாலையில் கழித்துவிடப்பட்ட எக்ஸ்றே படத்தாள்களைச் சேகரித்து, அவற்றிலே தாமரையும் மாங்காயும் கொடியுமாக வடிவங்களை வெட்டியெடுத்து, அத்தாளைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துப் பஞ்சிலே தோய்த்த வண்ணத்தை ஒற்றினர். ஊர்காவற்றுறையின் உப்புக்காற்றில் வெளிறிக் கிடந்த அச்சுவர் ஒரு பிற்பகலுக்குள் பூத்துவிட்டது. மாணவிகள் அதே தாளைக்கொண்டு தலையணை உறைகளுக்குக் கரையும் கட்டினர். பார்வையிட வந்த பெரியவரொருவர், "ஸ்ரென்சில் எண்டது வெள்ளைக்காரன் எங்களுக்குப் படிப்பிச்ச வித்தை, மாஸ்ரர்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாணவர் முன்னிலையில் முதியவரோடு வாதிட மனம் வரவில்லை. எனினும் அவர் கூற்று எம்மை விடவில்லை. அதற்கு நாம் தேடிய மறுமொழியே இக்கட்டுரை.

வெட்டிய தாளினூடாக வண்ணத்தைச் செலுத்தி வடிவம் பெறும் முறை எந்த ஒரு நாட்டாரின் தனிச்சொத்துமன்று. யப்பானியர் முசுக்கட்டைப் பட்டையிலிருந்து செய்த தாளைப் பனிச்சைக் காயின் சாற்றினால் உரமேற்றி, அதில் நுண்ணிய வடிவங்களை வெட்டித் துணிக்கு வண்ணமிட்டனர். வடமதுரையிலே தாளை வெட்டி அதனூடாக வண்ணப்பொடி தூவித் தரையில் கண்ணன் கதைகளைத் தீட்டும் சாஞ்சிக் கலை இன்றும் உண்டு. எமது வீட்டு முற்றங்களுக்கு வந்தாலோ, துளையிட்ட தகரத்தில் மாவைப் பரப்பித் தட்டியெடுக்கும் கோல அச்சும் இவ்வினத்ததே.

வெட்டுதலுக்கு உடன்பிறப்பான இன்னொரு முறையும் உண்டு. அது குத்துதல். தாளில் வரைந்த கோட்டின்மீது ஊசியால் நெருங்க நெருங்கக் குத்தி, அத்தாளைச் சுவரின்மீதோ துணியின்மீதோ விரித்துக் கரித்தூளைத் தட்டினால், தூள் துளைகளினூடே இறங்கிப் புள்ளிக்கோடாக வடிவத்தைப் பதிக்கும். இதனைத் துளைத்தாள் என்று அழைப்போம். சீனத்துத் துன்குவாங்குக் குகைகளிலே புத்தர் உருவங்களைத் தீட்டிய ஓவியர்கள் இத்தகைய தாள்களைப் பயன்படுத்தினர். அத்தாள்களுட் சில ஆயிரம் ஆண்டு கடந்து இன்றும் எஞ்சியுள்ளன. ஆனால் எமது கதைக்கு வேண்டிய துளைத்தாள் அத்தனை தொலைவில் இல்லை. தீவுகளிலிருந்து பாய் விரித்தால் எட்டக்கூடிய சோழமண்டலக் கரையிலே இருந்தது.

1742 ஆம் ஆண்டில் அக்கரையிலிருந்த கேர்தூ என்னும் பிரெஞ்சு யேசுசபைப் பாதிரியார், துணிக்கு வண்ணந்தீட்டும் முறையை ஒரு நீண்ட கடிதத்தில் விவரித்துத் தம் நாட்டுக்கு அனுப்பினார். அவர் அதனை எந்த நூலிலும் கற்கவில்லை. புதிதாகக் கிறித்தவம் தழுவிய வண்ணத் தொழிலாளரைக் கேட்டுக் கேட்டு அறிந்தார். வெளுத்த துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரிலே தோய்த்து உலர்த்துவர். கட்டையால் அடித்து வழவழப்பாக்குவர். பின்னர் வடிவம் வரைந்த தாளை ஊசியால் குத்தித் துணிமேல் விரித்து, கரித்தூள் முடிந்த சிறு துணிமுடிச்சினால் தேய்ப்பர். தாளை எடுத்ததும் துணியிலே புள்ளிகள் நிற்கும். அப்புள்ளிவழியே தூரிகை செல்லும். கருங்கோட்டுக்கு இரும்புக் கறையின் சாறு. செங்கோட்டுக்கு?

இங்கேதான் கவனிக்க வேண்டிய நுட்பம் உள்ளது. சிவப்பைத் தொழிலாளி தீட்டுவதில்லை. அவன் தீட்டுவது படிகார நீரை மட்டுமே. அது ஏறக்குறைய நிறமற்றது. அந்நிலையிலே துணியைச் சாயவேர் இட்ட நீரிற் கொதிக்கவைப்பர். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் வேரின் நிறம் பற்றிச் சிவக்கும். மற்றை இடங்களில் படிந்த மங்கல் நிறம் சாண நீரிலும் வெயிலிலும் மெல்ல வெளுத்துப் போகும். எத்தனை முறை துவைத்தாலும் அச்சிவப்புப் போகாது. துவைக்கத் துவைக்க ஒளிரும் என்பதே அத்துணியின் புகழுக்குக் காரணம். ஐரோப்பியர் அதுகாறும் அறிந்திருந்த சித்திரத் துணிகளோ தண்ணீர் பட்டாற் கரைந்தன.

சாயவேர் என்பது யாது? மணற்பாங்கான கடற்கரை நிலத்திலே தரையோடு தரையாகப் படரும் சிறு பூண்டின் வேர். மருத்துவ நூல்களில் இதற்கு இம்பூறல் என்று பெயர். பூவும் சிறிது, இலையும் சிறிது. காலால் மிதித்துப் போவோர் திரும்பியும் பாரார். நிறம் முழுவதும் மெல்லிய நீண்ட வேரின் பட்டையில் இருக்கிறது. பயிரிட்ட வேரினும் தானாக முளைத்த வேரே சாயத்துக்குச் சிறந்ததென்று கொள்ளப்பட்டது. மன்னார்க் கரையிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் கிடைத்த வேருக்கு அக்கரையிலே தனிமதிப்பு இருந்தது. காரணம் மண்ணில் இருக்கிறது. வேரிலுள்ள நிறப்பொருள் படிகாரத்தோடும் சுண்ணாம்போடும் சேரும்போதே ஆழ்ந்த செந்நிறம் பெறும் என்று இரசாயனம் கூறுகிறது. எமது தீவுகளோ முருகைக்கல்லும் சிப்பியும் நொறுங்கிய மண்ணாலானவை. நெடுந்தீவிலே வேலிக்குப் பதிலாக முருகைக்கற்களை அடுக்கி மதில் எழுப்பியிருப்பதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர்.

1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கம்பனி யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. அதே ஆண்டில் நாகபட்டினத்தையும் கைப்பற்றியது. பாடநூல்கள் இவ்விரு செய்திகளையும் இருவேறு பக்கங்களிலே கூறிச் செல்லும். நாம் அவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். வேர் முளைக்கும் கரையும் துணி தீட்டும் கரையும் ஒரே ஆண்டில் ஒரே வணிகனின் கைக்குள் வந்தன. தீவுகளுக்குக் கம்பனி தன் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டியது. ஊர்காவற்றுறை அமைந்த தீவு லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. இவற்றுள் இறுதிப் பெயர் மட்டுமே இன்றும் வழங்குகிறது. சாயவேரைக் கம்பனி தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. ஒரு பகுதி யாழ்ப்பாணத்திலேயே துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்டது. மற்றது தோணியேறி அக்கரைக்குச் சென்றது.

வேர் தானாகத் தோணியேறவில்லை. அதனைத் தோண்டும் கடமை குறிப்பிட்ட சாதியினர் மீது பரம்பரையாகச் சுமத்தப்பட்டிருந்தது. வேர்குத்திகள் என்ற பெயரே அவர்தம் வாழ்வை ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறது. வெட்டவெளி மணலிலே குனிந்து, மெல்லிய வேர் அறாதபடி குத்திக் கிளறி, மண் உதறி, கட்டாகக் கட்டிக் கம்பனிக்கு ஒப்புவிக்க வேண்டும். விலை பேசும் உரிமை இல்லை. வேறொருவனுக்கு விற்கும் உரிமையும் இல்லை. இத்தொழில் வேண்டாம் என்று சொல்லும் உரிமை எவ்வாறு இருக்கும்? இந்த ஏற்பாட்டை ஒல்லாந்தன் புதிதாகப் படைத்தான் என்று கூறி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. சாதிக்கொரு ஊழியம் என்னும் அடிமைக் கட்டு இங்கே முன்னரே இருந்தது. கம்பனி அதனைக் கணக்கேட்டிலே பதிந்து, தலைவரியோடும் ஊழியத்தோடும் பிணைத்து இறுக்கியது. 1707 ஆம் ஆண்டில் கிளாஸ் இசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்த தேசவழமையிலே, நிலமும் சீதனமும் போல அடிமைகளும் சட்டப்பொருளாக இடம்பெற்றதை எமது உயர்குடிகள் பெருமையோடு நினைவுகூருவதில்லை. ஆனால் அதே தொகுப்பை மட்டும் பண்பாட்டுச் செல்வமென்று போற்றுவர்.

இனித் துணி சென்ற திசையைப் பார்ப்போம். இலண்டனில் கடற்படை அலுவலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ் என்பவர், 1663 ஆம் ஆண்டு செப்டெம்பரில் தம் மனைவியின் படிப்பறைச் சுவரை மூடுவதற்கு இந்தியச் சித்திரத் துணி வாங்கியதாக நாட்குறிப்பிலே எழுதியுள்ளார். சுவருக்கு வண்ணமிடுவதற்குப் பதிலாகச் சுவருக்கே ஆடை உடுத்திய காலம் அது. ஐரோப்பியச் செல்வர் வீடுகளில் கட்டிலும் சாளரமும் சுவரும் இத்துணியால் பூத்தன. ஒல்லாந்திலே இதற்குச் சிட்ஸ் என்று பெயர். நாம் சீத்தை என்று வழங்கும் சொல்லும் அதன் உறவே. பிறீஸ்லாந்துப் பகுதியிலுள்ள ஹிண்டலோப்பன் என்னும் கடலோடிகளின் ஊரில் பெண்கள் இதனை மேலங்கியாகத் தைத்து அணிந்தனர். அத்தகைய ஆடைகளை லேவார்டன் நகர அரும்பொருட்சாலையில் இன்றும் காணலாம்.

அங்குள்ள சிவப்பெல்லாம் தீவின் சிவப்பே என்று சாதிப்பது வரலாறாகாது. சோழமண்டலக் கரையிலும் தெலுங்குக் கரையிலும் சாயவேர் விளைந்தது. எந்தத் துணியில் எந்த மண்ணின் வேர் என்று பிரித்தறிய வழியில்லை. கம்பனியின் கப்பல்களில் சென்ற துணிகளிலே தீவு மணலின் வேரும் கலந்தே சென்றது என்ற அளவோடு நிற்போம். அதுவே போதும்.

வடிவத்தை யார் தீர்மானித்தனர் என்பது அடுத்த கேள்வி. கம்பனி ஐரோப்பாவில் விலைபோகும் மாதிரிகளைக் கப்பலேற்றி அனுப்பியது. அங்கு விரும்பப்பட்ட பூக்கள் இங்கே தாளில் வரையப்பட்டன, தாள் குத்தப்பட்டது, கரித்தூள் இறங்கியது. தான் வாழ்நாளில் கண்டிராத பூவின் புள்ளிகளைத் தொழிலாளியின் தூரிகை தொடர்ந்தது. துளைத்தாளின் வலிமையும் கொடுமையும் இதுவே. ஒருமுறை குத்திய வடிவம் நூறு துணிக்கு ஆகும். திருப்பிப் போட்டால் எதிர்ப்பக்க இணையும் ஆகும். அதனால் வேலை விரைந்தது, திறமை பரவியது. அதனாலேயே சிந்திப்பவன் ஓரிடத்திலும் உழைப்பவன் வேறிடத்திலுமாகப் பிரியவும் முடிந்தது. எனினும் அத்தொழிலாளியை வெறும் கருவி என்று நாம் கொள்ளவில்லை. புள்ளிகளுக்கு இடையிலே கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும் அழகு அவன் கையின் அழகு. அதை எந்தக் கம்பனியும் மாதிரியாக அனுப்பவில்லை.

ஐரோப்பிய நெசவாலை முதலாளிகள் சும்மா இருப்பரா? பிரான்சு 1686 இலிருந்து 1759 வரை இத்துணிகளைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1700 இல் இறக்குமதியையும் 1721 இல் பயன்படுத்துவதையுமே தடுத்துச் சட்டமியற்றியது. தடை நிலவிய நாட்களில்தான் கேர்தூ பாதிரியாரின் கடிதம் எழுதப்பட்டது என்பதை மறக்கலாகாது. தம் நாட்டுத் தொழிலுக்கு அது பயன்படும் என்ற எண்ணத்தை அவர் மறைக்கவுமில்லை. தடை நீங்கிய மறு ஆண்டில், 1760 இல், ஒபெர்காம்ப் என்பவர் பாரிசு நகருக்கு அருகே ழூயி என்னும் ஊரில் துணி அச்சடிக்கும் தொழிற்சாலையைத் தொடங்கினார். அச்சுக்கட்டையும் பின்னர் உருளையும் துளைத்தாளின் இடத்தைப் பிடித்தன. "வெள்ளைக்காரன் படிப்பிச்ச வித்தை" என்று பெரியவர் கூறியதற்கு எமது மறுமொழி இந்தத் தேதிகளிலேயே அடங்கியிருக்கிறது.

வேரின் முடிவும் ஒரு பரிசோதனைச் சாலையிலே எழுதப்பட்டது. 1868 இல் கிரேபே, லீபர்மன் என்னும் ஜேர்மானிய அறிஞர் இருவர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக்கொண்டு அலிசரின் என்னும் செந்நிறப் பொருளைச் செய்தனர். சாயவேரின் சிவப்புக்கு உயிரான பொருளும் அதுவே. அடுத்த ஆண்டில் அவர்களும் இங்கிலாந்தின் பேர்க்கினும் ஒருநாள் இடைவெளியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். மலிவான சிவப்பு உலகை நிறைத்தது. மணலிலே குத்திக் கிளறிய வேருக்கு விலையில்லாது போயிற்று.

முதுகை முறித்த தொழில் ஒழிந்தது நன்றே. அதற்காகக் கண்ணீர் விடும் பழமைப்பித்து எமக்கில்லை. ஆனால் தொழில் ஒழிந்ததோடு அதன் இழிவு ஒழிந்ததா? 1832 இல் ஆங்கில ஆட்சி கட்டாய ஊழியத்தை நீக்கியது. 1844 இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. வேர் தோண்டிய குலத்தார் குடிநீர்க் கிணற்றை அணுகவும் கோயில் வாயிலைத் தாண்டவும் அதன் பின்னரும் தடுக்கப்பட்டனர். உலகச் செல்வரின் சுவருக்கே சிவப்பாடை கொடுத்த அக்குலத்துப் பெண்கள் தம் தோளுக்கு மேலாடை அணியலாகாதென்று எமது கிராமங்கள் விதித்திருந்தன. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இலேதான் வந்தது. சட்டம் வந்தும் 1966 ஒக்ரோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போகவேண்டியிருந்தது, அடிவாங்கவும் வேண்டியிருந்தது.

கண்காட்சி முடிந்த வாரத்தில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு கடற்கரை மணலுக்குப் போனோம். பூண்டை இனங்காண எமக்கே சற்று நேரம் பிடித்தது. ஒரு மாணவன் கூரிய தடியால் மணலைக் கிளறினான். முதல் மூன்று வேர்களும் பாதியிலே அறுந்தன. நான்காவது வேர் முழுதாக வந்தபோது அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். "சேர், ஒரு கட்டு வேருக்கு எத்தினை நாள் கிண்டியிருப்பினம்?" என்று கேட்டான். அவன் கையிலிருந்த வேர் மஞ்சள் நிறமாகவே இருந்தது; சிவப்பின் சாயலே இல்லை. பக்கத்தில் நின்ற மாணவி, வலை பின்னிக்கொண்டிருந்த கிழவியிடம் வெற்றிலைச் சுண்ணாம்பு சிறிது வாங்கிவந்து உள்ளங்கையில் வைத்து வேரின் பட்டையை அதிலே தேய்த்தாள். கை சிவந்தது. கடல்நீரிற் கழுவிப் பார்த்தாள், முழுதும் போகவில்லை. மறுநாள் வகுப்பில் அந்தக் கையைத் தூக்கிக் காட்டினாள்.