வெட்டுண்ட குரலும் பாடமீட்பும்

ஏட்டுச் சுவடியிற் சிதைந்த பாடத்தை மீட்டற்கு நம் முன்னோர் நெறிகள் சில வகுத்துக்கொண்டனர். ஒலிப்பதிவிற் சிதைந்த குரலுக்கும் அந்நெறிகள் பொருந்துமா என்பது இன்று எழும் வினாவாகும். அண்மையில், கடலூர்ப் பகுதியில் முதிய ஓதுவார் ஒருவர் பாடிய தேவாரத்தின் வீடியோப் பதிவொன்றைக் கேட்கும் வாய்ப்பு நேர்ந்தது. மைக்கின் கெயினை மிகுத்து வைத்திருந்தமையால், அவர் குரல் உயருந்தோறும் ஒலி கரகரத்துச் சிதைந்திருந்தது. பின்னர்ச் செப்பஞ்செய்த படியொன்றும் கிடைத்தது. அப்படியிற் கேட்பதை ஓதுவாரின் குரலாகவே கொண்டு ஆராயலாமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஒலியின் அழிவும் மீட்பும் இவ்வட்டாரத்திற்குப் புதியன அல்ல. உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணத்தின்படி, தில்லையில் அடைத்து வைத்த தேவார ஏடுகளிற் பெரும்பகுதி செல்லரித்துப் போயிற்று. எஞ்சியவற்றையே நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். பண்ணடைவு வகுத்தற்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியின் துணை திருஎருக்கத்தம்புலியூரிற் கிட்டிற்று. அவ்வூர் இன்று கடலூர் மாவட்டத்தில் இராசேந்திரப்பட்டினம் எனப்படுகிறது. இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. பண்ணை அறிய வேறொரு சான்று தேடப்பட்டது. அழிந்த பதிகங்களுக்கு ஈடாகப் புதியன இயற்றிச் சேர்க்கப்படவில்லை.

இனி, பதிவுக் கருவிகளின் வரலாற்றை நோக்குவோம். எடிசன் 1877இல் குரற்பதிவுக் கருவியை உருவாக்கினார். கிராமபோன் கம்பெனியார் 1902இல் கல்கத்தாவில் இசைத்தட்டுப் பதிவு நிகழ்த்தினர். 1925இல் மின்முறைப் பதிவு பரவத் தொடங்கும்வரை, பாடுவோர் குழலின் முன் நின்று பாடினர். உச்சத்திற் பாடுங்கால் முகத்தைப் பின்வாங்கிக்கொள்ளுதல் வழக்கமாயிருந்தது. இன்றேல் ஊசியின் தடம் சிதையும். 1931இற் ‘காளிதாஸ்’ வெளிவந்தது முதல் வளர்ந்த தமிழ்ப் பேசும்படக் காலத்தில், ஒலி பிலிமில் ஒளித்தடமாயிற்று. ஆண்டும் அளவு மிக்க குரலின் முகடு தட்டையாயிற்று. கருவிதோறும் கொள்ளளவு வேறுபடினும், அளவு கடந்தது அழியும் என்னும் நியதி மாறவில்லை.

எண்முறைப் பதிவில் இவ்வெல்லை மிகக் கண்டிப்பானது. 16 பிட் பதிவில் ஒரு மாதிரியின் மேலெல்லை 32,767 ஆகும். அதனைக் கடந்தவை யாவும் அவ்வெண்ணாகவே பதியும். இதனையே பதிவுத் தொழிலோர் ‘கிளிப்பிங்’ என்பர். ஆயினும் மீட்புக்கு இடமுண்டு. வீடியோவில் ஒரு நொடிக்கு 48,000 மாதிரிகள் பதிவாகின்றன. 200 அதிர்வுகள் கொண்ட குரலில் ஓர் அதிர்வுக்கு 240 மாதிரிகள் அமையும். அவற்றுட் சில வெட்டுண்டாலும், எஞ்சியவையும், உயிரொலியில் ஏறத்தாழ அவ்வாறே மீளும் அடுத்த அதிர்வுகளும் இழந்த முகட்டை ஊகிக்க உதவும். இவ்வகை ஊகத்திற்கு யான்சன், வெல்தூயிஸ், விரீஸ் ஆகியோர் 1986இல் ஒரு கணிதமுறை வகுத்தனர். ஏபெல், சுமித் ஆகிய இருவரும் 1991இல் வெட்டுண்ட அலையை மீட்கும் வழியை ஆராய்ந்தனர்.

செப்பஞ்செய்வோர் கைக்கொள்ளத்தக்க முறை பதிப்பாசிரியர் முறையை ஒத்தது. முதலாவது, வேறு படி தேடல். சட்டைமைக்கின் பதிவோ, கூட்டத்தில் ஒருவர் கைப்பேசியில் எடுத்த பதிவோ கிடைப்பின், அது நல்ல பாடபேதமாகும். இரண்டாவது, மூலத்தை மாற்றாது வைத்துப் படியெடுத்துச் செய்தல். மூன்றாவது, மீளும் முகடுகளுக்கு இடமிருக்க ஒலியளவைத் தாழ்த்துதல். நான்காவது, வெட்டுண்ட மட்டத்திற்குச் சற்றுக் கீழே வரம்பு குறித்து டிக்ளிப் செய்தல். இரைச்சல் நீக்கம் அதன் பின்னரே செய்யத்தக்கது. முன்பின்னாயின், சிதைவையும் குரலையும் பிரித்தறிதல் அரிதாகும்.

இங்ஙனம் மீண்ட குரலை எவ்வளவிற்கு நம்பலாம்? லிக்லைடர் 1946இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. முகடுகளைப் பெரும்பாலும் வெட்டிவிட்டாலும் பேச்சின் பொருள் விளங்கும் என அவர் காட்டினார். ஆகவே சொற்பாடம் எளிதில் அழியாது. தனிக்குரலில் அதிர்வின் மீள்வேகமும் பெரிதும் எஞ்சுதலின், சுருதியின் ஏற்ற இறக்கத்தை எச்சரிக்கையோடு ஆராயலாம். தாளக் கருவியும் உடனொலிப்பின் அவ்வுறுதி குறையும். ஓசையின் பருமையும் மென்மையும், குரலுக்கே உரிய நிறமும் வெட்டுண்ட இடத்திற் பதிவாகவேயில்லை. மென்பொருள் அங்கே தருவது ஊகப் பாடமேயாம்.

எனவே, நம் ஓதுவாரின் செப்பப் படியைக் கொண்டு அவர் ஓதிய பாடவேறுபாட்டை ஆராயலாம். பண்ணின் போக்கையும் ஓரளவு காணலாம். உச்சத்தில் அவர் குரல் எவ்வளவு ஓங்கிற்று, எங்ஙனம் ஒலித்தது என்று அதனைக் கொண்டு முடிவு கூறுதல் பொருந்தாது. உ. வே. சாமிநாதையர் 1904இல் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தபோது, கிடையாத முதற்பத்தையும் பத்தாம் பத்தையும் எவ்வாற்றானும் நிரப்ப முயன்றாரல்லர். கிடைத்த எட்டுப் பத்துக்களை நாம் ஐயமின்றிக் கற்றல் அந்நேர்மையால் இயல்கிறது. குரற்பதிவைக் காப்போரும் மூலப்பதிவை உடன்வைத்து, செப்பஞ்செய்த இடங்களை நொடிக்கணக்கிற் குறித்து வைத்தல் வேண்டும். அக்குறிப்பில்லாத செப்பம், கேட்க இனியதாயினும் சான்றாகாது என்க.