பெயரிலே விடுதலை!

தென்னாப்பிரிக்காவிலே, 'விடுதலை நாடு' என்று தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொண்ட குடியரசு ஒன்று இருந்தது. ஆரஞ்சு ஆற்றுக்கும் வால் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் அது. புளூம்பான்டீன் அதன் தலைநகர். ஆங்கில ஆட்சிக்கு அடங்க மறுத்து, மாட்டு வண்டிகளிலே வடக்கே வந்து குடியேறிய டச்சு வழியினர் அதை அமைத்தனர். போயர் என்பது அவர்கள் பெயர். உழவர் என்பது அதன் பொருள். 1854-ல் ஆங்கில அரசு அவர்கள் தன்னாட்சியை ஒப்புக்கொண்டது.

விடுதலை! ஆனால் யாருக்கு? அவ்வாண்டு எழுதப்பட்ட அரசியல் சட்டம் விடை கூறுகிறது: வெள்ளையரே குடிமக்கள்! மண்ணின் மைந்தனுக்கு உழைக்க இடமுண்டு, உரிமைக்கு இடமில்லை. மலையரணில் நின்று தம் மக்களைக் காத்த பசூத்தோ மன்னர் மொஷ்வேஷ்வேயின்மீது 1858-லும் 1865-லும் அக்குடியரசு போர் தொடுத்தது. வளமான விளைநிலங்களைப் பறித்தது. மன்னர் காப்பாற்றிய மலைநாடே இன்றைய லெசோத்தோ. 1891-ன் சட்டத் தொகுப்பிலே இன்னொரு விதி: ஆசியர் அங்கே வணிகம் செய்யலாகாது, பயிர்த்தொழிலும் செய்யலாகாது! கடை வைத்திருந்த இந்தியர் வெளியேற்றப்பட்டனர்.

1899-ல், தோழமைக் குடியரசான டிரான்சுவாலோடு சேர்ந்து, ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டது விடுதலை நாடு. ஆங்கிலப் படை பண்ணைகளைக் கொளுத்தியது; பெண்டிரையும் பிள்ளைகளையும் முகாம்களில் அடைத்தது. ஏறத்தாழ 26,000 போயர் பெண்களும் குழந்தைகளும் மாண்டனர். கொடுமை, கொடுமையே! ஆனால், தனி முகாம்களில் அடைபட்ட கறுப்பின மக்களும் 14,000-க்குக் குறையாமல் மடிந்தனரே, அவர்களுக்காக அழுதவர் யார்?

1902 மே 31-ல் உடன்படிக்கை. குடியரசு மறைந்தது. வென்றவரும் தோற்றவரும் ஒன்றிலே மட்டும் ஒத்துப்போயினர்: தன்னாட்சி தரப்படும் வரையில் கறுப்பருக்கு வாக்குரிமை பற்றிய பேச்சே எழலாகாது! 1910-ல் பிறந்த தென்னாப்பிரிக்க ஒன்றியத்திலே அந்நிலத்தின் கறுப்பருக்கு வாக்கில்லை. 1913-ல் புளூம்பான்டீனிலே, மாண்ட போயர் மகளிருக்கு நினைவுத்தூண் எழுந்தது. அதே ஆண்டில் வந்த நிலச் சட்டமோ, பெரும்பான்மையினரான ஆப்பிரிக்கருக்கு நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கையே ஒதுக்கியது!

அடிபட்டவன் அடியின் வலியை அறிவான். ஆனால் அறிந்தவனெல்லாம் பிறரை அடியாதிருப்பதில்லை. இதுவே அந்நாட்டு வரலாறு நமக்கு உரைக்கும் உண்மை.

எனினும், அதே புளூம்பான்டீனில்தான் 1912-ல் கறுப்பின மக்கள் கூடித் தங்கள் தேசிய காங்கிரசை நிறுவினர். அனைவரும் வாக்களிக்கும் நாள் 1994-ல் வந்தது. 82 ஆண்டுகள் பிடித்தன! தன் கழுத்துக் கயிற்றை அறுத்து அடுத்தவன் கழுத்தில் மாட்டுவதை விடுதலை என்று நாம் கூறோம். சமத்துவம் சேர்ந்தால்தான் அச்சொல்லுக்குப் பொருளுண்டு; சேராவிடில் அது வெறும் பெயர்ப் பலகையே!