ஓய்வூதியம்

ஓய்வு + ஊதியம். 'ஓய்' என்றால் தளர்தல், முடிதல். மழை ஓய்ந்தது என்கிறோம். ஊதியம் திருக்குறளில் ஆதாயம், பயன் என்ற பொருளில் வருகிறது. சம்பளம் என்ற பொருள் பிற்காலத்தது. பேச்சில் வழங்கும் 'பென்ஷன்' நிறுத்துக் கொடுப்பதைக் குறித்த இலத்தீன் வேரிலிருந்து வந்தது.

ஓய்வூதியம் கருணைத்தொகை அன்று, முன்பு செய்த பணிக்கான உரிமை என்று உச்ச நீதிமன்றம் நகரா வழக்கில் 1982-இல் தீர்ப்பளித்தது. ஊதியம் என்ற பகுதிக்கு அதுவே சரியான உரை. ஓய்வூதியச் செலவு கட்டுக்கடங்காமல் போகும் என்ற கவலையில், 2003 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டு அரசுப் பணியில் சேர்ந்தோரிடம் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பிடிக்கும் பங்களிப்புத் திட்டம் வந்தது. கருவூலத்தின் கவலை நியாயமானதே. ஆனால் முதுமையில் எவ்வளவு கிடைக்கும் என்ற உறுதி அதில் இருக்கவில்லை. மத்திய அரசு 2025 ஏப்ரலில் கொண்டுவந்த ஒருங்கிணைந்த திட்டம், 25 ஆண்டு பணிக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதியளிக்கிறது.

தனியார் துறைத் தொழிலாளருக்கான வருங்கால வைப்புநிதி சார்ந்த ஓய்வூதியத் திட்டத்திலோ, குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இல் மாதம் 1,000 ரூபாய் என வைக்கப்பட்டது. மருந்துச் செலவுக்கே போதாத அத்தொகையை ஊதியம் என்று சொல்வது தகாது. முதலில் உயர்த்த வேண்டியது அதைத்தான்.