விக்டோரியா காலப் பேய்க்கதைகளும் கிறிஸ்துமஸும்

விக்டோரியா அரசி பிரிட்டனை ஆண்ட காலத்தில் (1837–1901) டிசம்பர் மாத இதழ்களுக்கென்றே எழுதப்பெற்று, குடும்பத்தார் கணப்பைச் சுற்றி அமர்ந்து உரக்க வாசித்து மகிழ்ந்த பேய்க்கதைகளைக் கிறிஸ்துமஸ் பேய்க்கதைகள் என்பர். பெயரை நம்பிக் கதைக்குள் கிறிஸ்துமஸைத் தேடுபவர் ஏமாந்து போவார். அலங்கார மரமோ தேவாலய மணியோ இயேசுவின் பிறப்போ இவற்றில் பெரும்பாலானவற்றில் தலைகாட்டுவதே இல்லை. பண்டிகை இவற்றின் கருப்பொருளாக அமைந்தது சில கதைகளில்தான். மற்றவற்றில் அது கதை வெளியான காலத்தையும் வாசிக்கப்பட்ட வேளையையும் மட்டுமே குறிக்கிறது.

பழைய வேர்கள்

டிசம்பர் கடைசியில் லண்டனில் பிற்பகல் நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். மறுநாள் காலை எட்டு மணி வாக்கில்தான் எழும். வயலில் வேலை குறைந்த, நெருப்பை விட்டு நகர மனம் வராத அந்த நீண்ட இரவுகளில் பேய்க்கதை சொல்வது விக்டோரியாவுக்கு வெகுகாலம் முன்பிருந்தே நாட்டுப்புற வழக்கம். ஷேக்ஸ்பியரின் 'தி வின்டர்ஸ் டேல்' நாடகத்தில் சிறுவன் மாமிலியஸ் தன் தாய்க்குச் சொல்லத் தொடங்குவது ஒரு பேய்க்கதைதான். நியூகாசிலைச் சேர்ந்த பாதிரியார் ஹென்றி போர்ன், 1725இல் வெளியிட்ட நூலில் குளிர்கால இரவுகளில் மக்கள் நெருப்பைச் சுற்றிக் கூடி ஆவிகளைப் பற்றிப் பேசிப் பேசியே பயந்துகொள்வதைப் பதிவுசெய்திருக்கிறார்.

சமயமும் இதில் ஒரு பங்கு வகித்தது. இடைக்கால ஐரோப்பாவில், இறந்தவரின் ஆவி வந்தால் அது, இறந்தோர் பாவம் கழுவித் தூய்மையாகும் உத்தரிக்கும் தலத்திலிருந்து வந்து பிரார்த்தனை கேட்கிறது என்று திருச்சபையே விளக்கம் சொன்னது. சீர்திருத்தச் சபைகள் உத்தரிக்கும் தலமே இல்லை என்றதும் ஆவிக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. அதன்பின் தோன்றுவதெல்லாம் சாத்தானின் வேலை, அல்லது மனப்பிரமை. ஆனாலும் மக்கள் கதை சொல்வதை நிறுத்திவிடவில்லை.

கிறிஸ்துமஸும் தன் பங்குக்கு அடிபட்டது. தூய்மைவாதிகளின் ஆதிக்கத்தில் இருந்த நாடாளுமன்றம் 1647இல் அந்தப் பண்டிகையையே தடைசெய்தது. 1660இல் முடியாட்சி திரும்பியபோது தடை நீங்கினாலும், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் நகரங்களில் பண்டிகை சோபை இழந்துவிட்டது. அமெரிக்கரான வாஷிங்டன் இர்விங், 1820 வாக்கில் வெளிவந்த 'தி ஸ்கெட்ச் புக்' நூலில், இங்கிலாந்தின் ஒரு பண்ணை மாளிகையில் பழைய பாணியில் கிறிஸ்துமஸ் கொண்டாடப்படுவதை ஏக்கத்தோடு வர்ணித்தார். அங்கும் விருந்துக்குப் பின் பாதிரியார் பேய்க்கதை சொல்கிறார். இர்விங்கை விரும்பிப் படித்த இளைஞர்களில் சார்லஸ் டிக்கன்ஸும் ஒருவர்.

டிக்கன்ஸும் 1843ஆம் ஆண்டும்

டிக்கன்ஸ் தன் முதல் நாவலான 'பிக்விக் பேப்பர்ஸ்' (1836–37) நூலிலேயே கிறிஸ்துமஸ் இரவுக் கதை ஒன்றை நுழைத்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் முசுடன் ஒருவனைக் குட்டிப் பிசாசுகள் பூமிக்கடியில் இழுத்துச் சென்று திருத்துகின்றன. பின்னாளில் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' நூலில் வந்த கஞ்சன் ஸ்க்ரூஜுக்கு இவனே முன்னோடி.

1843இல் குழந்தைத் தொழிலாளர் பற்றிய அரசு ஆணைய அறிக்கை அவரை உலுக்கியது. ஏழைக் குழந்தைகளுக்காகத் துண்டுப் பிரசுரம் ஒன்று எழுதலாம் என்று முதலில் எண்ணினார். பிறகு அதைவிடக் கதைக்கே வலிமை அதிகம் என்று தீர்மானித்து, ஆறே வாரங்களில் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' நூலை எழுதி முடித்தார். டிசம்பர் 19 அன்று வெளியான 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தன. விலை ஐந்து ஷில்லிங். கதையில் வரும் எழுத்தர் பாப் க்ராட்சிட்டின் வாரச் சம்பளம் பதினைந்து ஷில்லிங்தான் என்பதால், தன் கதையையே வாங்க அவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். தங்க முலாம் பூசிய ஓரங்கள், ஜான் லீச் வரைந்த வண்ணப் படங்கள் என்று செலவு ஏறியதால், ஆயிரம் பவுண்டு எதிர்பார்த்த டிக்கன்ஸுக்கு முதல் பதிப்பில் கிடைத்தது 230 பவுண்டு. அடுத்த மாதமே திருட்டுப் பதிப்பு வந்தது. வழக்குப் போட்டு வென்றார். தோற்ற பதிப்பாளர்கள் திவாலாகிவிட, வழக்குச் செலவும் அவர் தலையில் விழுந்தது.

ஸ்க்ரூஜின் கூட்டாளி மார்லி இறந்தது ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய கிறிஸ்துமஸ் இரவில். அவன் ஆவி இழுத்துவரும் சங்கிலியில் பணப்பெட்டிகள், சாவிகள், பேரேடுகள் எல்லாம் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு விதத்தில், சீர்திருத்தச் சபைகள் மூடிவிட்ட உத்தரிக்கும் தலத்தைப் பாதிரியாரும் பூசையும் இல்லாமல் டிக்கன்ஸ் திறந்துவைத்தார். இறந்தவன் வந்து பிரார்த்தனை கேட்கவில்லை. உயிரோடிருப்பவனின் கணக்கைப் பார்க்கச் சொல்கிறான். கேரலை இந்த வகையின் மாதிரி என்று பலரும் கொண்டாடுவதை அப்படியே ஏற்பது கடினம். பேய் நல்லது செய்து, மனிதன் திருந்தி, வான்கோழி விருந்தோடு முடியும் கதை அது. அதற்குப் பின் வந்த சிறந்த பேய்க்கதைகள் எதுவும் இவ்வளவு கருணை காட்டவில்லை.

டிக்கன்ஸ் மேலும் நான்கு கிறிஸ்துமஸ் நூல்கள் எழுதினார். அவற்றில் கடைசியான 'தி ஹான்டட் மேன்' (1848) துயர நினைவுகளை அழித்துவிடும்படி ஆவியிடம் வரம் பெறும் ஒரு வேதியியல் பேராசிரியரைப் பற்றியது. வாசகரிடம் அது கேரல் அளவு எடுபடவில்லை. ஆனால் அதற்கு வேறொரு வாழ்வு காத்திருந்தது.

இதழ்களின் டிசம்பர்

அடுப்படி வழக்கத்தை ஒரு தொழிலாக மாற்றியவை வார, மாத இதழ்கள். நீராவி அச்சு இயந்திரம், 1855இல் நாளிதழ் முத்திரை வரியும் 1861இல் காகித வரியும் ஒழிந்தது, ரயில் நிலையங்களில் புத்தகக் கடைகள் முளைத்தது, எழுத்தறிவு பரவியது எல்லாம் சேர்ந்து வாசிப்பை மலிவாக்கின. டிக்கன்ஸ் 1850இல் தொடங்கிய 'ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்' வார இதழின் விலை இரண்டு பென்ஸ். அதிலும், 1859 முதல் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' இதழிலும் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் போட்டார். ஒரு வீட்டிலோ விடுதியிலோ கூடியவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வதாக ஒரு சட்டகத்தை அவர் அமைப்பார். மற்ற எழுத்தாளர்கள் அதற்குள் கதைகளை நிரப்புவார்கள். கணப்பைச் சுற்றிய கூட்டம் அப்படியே அச்சுக்கு வந்தது. மற்ற இதழ்களும் இதே வழியில் இறங்க, ஒவ்வொரு டிசம்பருக்கும் ஏராளமான பேய்கள் தேவைப்பட்டன.

இந்த இதழ்களில் வந்தவற்றுள் தலைசிறந்தது டிக்கன்ஸே எழுதிய 'தி சிக்னல்மேன்' (1866). ஆழமான ரயில்பாதைப் பள்ளம், சுரங்க வாய், சிவப்பு விளக்கு, தந்தி மணி, விபத்துக்கு முன்பெல்லாம் வந்து எச்சரிக்கும் உருவம் என்று எல்லாம் புதிய தொழில்நுட்பத்தின் நடுவே நடக்கிறது. கிறிஸ்துமஸ் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1865 ஜூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்டில் நேர்ந்த ரயில் விபத்தில் டிக்கன்ஸ் உயிர் தப்பியவர். செத்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தன் கையால் தண்ணீர் கொடுத்தவர். அதன்பின் ரயில் பயணம் என்றாலே அவருக்கு நடுக்கம். கதையின் அச்சத்துக்கு மூலம் தேட வேறெங்கும் போக வேண்டியதில்லை.

சிறப்பிதழ்ச் சட்டகத்தில் அவருக்கே விரைவில் சலிப்புத் தட்டியது. 1867க்குப் பின் அவற்றை நிறுத்திவிட்டார்.

பெண் எழுத்தாளர்கள்

இந்தச் சந்தையில் பெண்கள் எழுதிய கதைகள் ஏராளம். பெயரில்லாமல் அச்சிடும் இதழ் மரபும், கதைக்கு உடனே கிடைத்த பணமும் அவர்களுக்கு உதவின. கணவரின் தொழில் நொடித்த பின் எழுத்தை நம்பிக் குடும்பம் நடத்திய சார்லட் ரிடெலின் கதைகளில் பேய் பெரும்பாலும் வாடகைக்குப் போகாத வீட்டில் இருக்கும். ஏன் வாடகை இவ்வளவு குறைவு என்ற கேள்வியில்தான் பயமே தொடங்கும். மார்கரெட் ஓலிஃபன்ட், ரோடா பிராட்டன், மேரி எலிசபெத் பிராடன் ஆகியோரும் இவ்வகையில் நிறைய எழுதினர். பனி மூடிய மேட்டுநிலத்தில் வழிதவறியவன் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கவிழ்ந்த தபால் வண்டியில் ஏறிவிடும் 'தி ஃபாண்டம் கோச்' (1864) அமெலியா எட்வர்ட்ஸ் எழுதியது. எகிப்தியத் தொல்லியலுக்கு நிதி திரட்டும் அமைப்பை 1882இல் உருவாக்க முன்னின்றவரும் இவரே.

எலிசபெத் காஸ்கெலின் 'தி ஓல்ட் நர்ஸஸ் ஸ்டோரி' (1852) தனியே பேசத் தக்கது. வடக்கு இங்கிலாந்து மாளிகை ஒன்றில், பனியில் நின்று சன்னலைத் தட்டும் ஒரு குழந்தையின் ஆவி இன்னொரு குழந்தையை வெளியே அழைக்கிறது. பல்லாண்டுகளுக்கு முன் தகப்பன் தன் மகளையும் பேத்தியையும் பனியில் துரத்தியதை, தங்கை வாயடைத்து நின்று பார்த்த குற்றம் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. உச்சக் காட்சியில் ஆவிகள் குழந்தை கண்ணுக்கு மட்டும் தெரியட்டும் என்று டிக்கன்ஸ் ஆசிரியராக வற்புறுத்தினார். காஸ்கெல் இணங்கவில்லை, எல்லோரும் பார்க்கிறார்கள். குற்றம் ஒரு குடும்பத்துக்கே உரியது என்ற கதையின் போக்குக்கு அவர் முடிவே பொருந்துகிறது.

கண்ணாடியும் மேசையும்

அறிவியல் வளர்ந்த அதே காலத்தில் ஆவி நாட்டமும் வளர்ந்தது. 1848இல் நியூயார்க் மாநிலத்தில் ஃபாக்ஸ் சகோதரிகள் கேட்டதாகச் சொன்ன தட்டல் ஒலிகள் ஆவியுலக இயக்கத்துக்கு வழிகோலின. சில ஆண்டுகளில் இங்கிலாந்து வரவேற்பறைகளிலும், ஆவிகளை அழைக்கும் கூட்டங்களில், மேசைகள் ஆடத் தொடங்கின. இத்தகைய நிகழ்வுகளை முறையாக ஆராய ஒரு கழகம் 1882இல் லண்டனில் நிறுவப்பட்டது.

அறிவியல் பேயை மேடைக்கும் கொண்டுவந்தது. 1862 கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை, லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் 'தி ஹான்டட் மேன்' கதையிலிருந்து ஒரு காட்சியை மேடையேற்றினார். சாய்த்து வைத்த பெருங்கண்ணாடியில், பார்வையாளருக்குத் தெரியாத பள்ளத்தில் வெளிச்சம் பாய்ச்சி நிறுத்திய நடிகரின் பிம்பம் விழ, மேடையில் ஊடுருவித் தெரியும் ஆவி நடமாடியது. உத்தியை முதலில் வகுத்தவர் ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளர். பெயர் நிலைத்தது பெப்பருக்கு. எரிவாயு விளக்குகள் கக்கிய நச்சுப்புகைதான் மக்களுக்குப் பேயைக் காட்டியது என்ற விளக்கம் இன்று அடிக்கடி சொல்லப்படுகிறது. கேட்கச் சுவையாக இருந்தாலும், விற்பனைக்காக எழுதப்பட்ட கதைகளை விளக்கப் புகை தேவையில்லை.

இந்தியாவில் ஒரு கிளை

காலனிகளிலிருந்த ஆங்கிலேயரும் இந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. லாகூரின் 'சிவில் அண்ட் மிலிட்டரி கெஜட்' 1885 கிறிஸ்துமஸுக்கு வெளியிட்ட ஆண்டு மலரை எழுதியவர்கள் கிப்ளிங் குடும்பத்தின் நால்வர். இருபது வயது நிரம்பாத ரட்யார்ட் கிப்ளிங்கின் 'தி ஃபாண்டம் ரிக்ஷா' அதில்தான் வந்தது. சிம்லாவின் மால் சாலையில், கைவிடப்பட்டு இறந்த பெண்ணின் ரிக்ஷாவைக் கருப்பு வெள்ளைச் சீருடை அணிந்த ஆட்கள் இழுத்து வருகிறார்கள்.

பின்னாள்

வழக்கம் எவ்வளவு தேய்ந்த தடமாகிவிட்டது என்பதற்கு ஜெரோம் கே. ஜெரோமின் 'டோல்ட் ஆஃப்டர் சப்பர்' (1891) சான்று. கிறிஸ்துமஸ் இரவில் பேய்கள் ஒன்றுவிடாமல் வெளியே கிளம்பிவிடுவதை அது முழுநீளக் கேலியாக்குகிறது. ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' (1898) அதே தேய்ந்த சட்டகத்தில்தான் தொடங்குகிறது: கிறிஸ்துமஸ் இரவு, பழைய வீடு, கணப்பு, கதை கேட்கக் காத்திருக்கும் விருந்தினர். ஆனால் உள்ளே வைத்திருக்கும் கதையில் பேய் உண்டா, அதைச் சொல்லும் வீட்டு ஆசிரியையின் மனப்பிரமையா என்று விமர்சகர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள்.

இதழ்ச் சந்தை தளர்ந்தபோது கதை மீண்டும் வாய்மொழிக்கே திரும்பியது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் இடைக்காலச் சுவடிகளை ஆராய்ந்துவந்த எம். ஆர். ஜேம்ஸ், கிறிஸ்துமஸ் இரவில் நண்பர்களைத் தன் அறைக்கு அழைத்து, ஒரே ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், பெரும்பாலும் அன்றுதான் எழுதி முடித்த கதையை வாசிப்பார். அவரது முதல் தொகுப்பு 1904இல் வந்தது. விக்டோரியா அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். ஆனாலும் இன்று 'விக்டோரியா காலக் கிறிஸ்துமஸ் பேய்க்கதை' என்றதும் பலர் நினைவுக்கு வருபவர் இவர்தான்.

அமெரிக்காவில் பேய்களுக்கு அக்டோபர் மாத ஹாலோவீன் சொந்தமாகிவிட்டது. 1963இல் ஆண்டி வில்லியம்ஸ் பாடிப் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் பாடல் ஒன்றில் பேய்க்கதை பற்றிய குறிப்பு வருவது அங்குள்ள இளைய தலைமுறைக்குப் புதிராகப் படுவது அதனால்தான். பிரிட்டனில் பிபிசி 1971 முதல் 1978 வரை ஆண்டுக்கொரு பேய்ப்படத்தைக் கிறிஸ்துமஸை ஒட்டி ஒளிபரப்பியது. பெரும்பாலானவை எம். ஆர். ஜேம்ஸ் கதைகள், 1976இல் டென்ஹோம் எலியட் நடித்த 'தி சிக்னல்மேன்' வந்தது. 2005 முதல் இத்தொடர் விட்டுவிட்டுத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது.