தங்கவயலில் இருந்து தனுசு மண்டலம் வரை

எங்க ஊர் ஆண்டர்சன்பேட்டை. இங்கே யாரிடமும் அப்படிச் சொன்னால் புரியாது. கே.ஜி.எஃப். என்றால் மட்டும் "ஓ, அந்தப் படமா!" என்கிறார்கள். 2018-க்குப் பிறகு என் மகளுக்கும் தாத்தா ஊர் என்றால் துப்பாக்கிதான். அவளுக்காகவே இந்தப் பதிவு.

அப்பா சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர். "கீழே பம்பாய்க்காரங்க ஏதோ பொட்டி வெச்சிருக்காங்க" என்பார். அதற்கு மேல் அவரும் கேட்டதில்லை.

அது என்ன பெட்டி?

1950களின் தொடக்கத்தில் ஹோமி பாபா, பி.வி. ஸ்ரீகண்டன் என்ற இளைஞரைத் தங்கவயலுக்கு அனுப்பினார். வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பாறைக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகின்றன என்று அளக்க வேண்டும். 1960களில் இன்னும் ஆழமாகப் போய் அளந்தபோது ஒன்றுமே பதிவாகவில்லை. தோல்வி என்று நினைக்காதீர்கள். அவ்வளவு அமைதியான இடத்தில்தான் நியூட்ரினோவைப் பிடிக்க முடியும். 1965-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடத்தைக் கண்டன. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் இன்னொரு குழுவும் கண்டது. அதுவும் தங்கச் சுரங்கம்தான்!

கதை இங்கே முடியவில்லை. அதே ஸ்ரீகண்டன் 1960களின் கடைசியில் மேல்நோக்கித் திரும்பினார். எக்ஸ் கதிர்களைக் காற்று விழுங்கிவிடும், தரைக்கு வராது. அதனால் ஐதராபாத்தில் இருந்து பெரிய பலூன்களில் கருவிகளை ஏற்றினார்கள். அந்த மரபில் அதே நிறுவனம் முன்னின்று செய்த மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, 2015-இல் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் பறந்தது.

2019 ஆகஸ்ட் கடைசியில், தனுசு மண்டலத்தில் வி3890 என்ற மீள்நோவா வெடித்தது. 1962, 1990-க்குப் பிறகு மூன்றாம் முறை. அங்கே ஒரு வெண்குள்ளன், பக்கத்துச் செம்பெரு விண்மீனின் வாயுவை இழுத்துச் சேர்க்கிறது. அளவு மீறினால் மேற்பரப்பு வெடிக்கிறது. சிதறிய வாயு, துணை விண்மீனின் காற்றில் மோதிச் சூடேறி முதலில் வன் எக்ஸ் கதிர் தருகிறது. சிதறல் மெலிந்த பின், உள்ளே இன்னும் எரியும் வெண்குள்ளனின் மென் கதிர் வெளியே தெரிகிறது. வெடித்த எட்டரை நாள் வாக்கில் அந்த மென் கதிர் தலைகாட்டியதை ஆஸ்ட்ரோசாட் பார்த்தது.

அந்த அக்டோபரில் ஸ்ரீகண்டன் காலமானார். வயது 94. சுரங்கம் 2001-லேயே மூடியாயிற்று.

கருவிகள் இறங்கியது எங்கள் ஆட்கள் உயிரைப் பணயம் வைத்து வெட்டிய பாதையில். வட ஆற்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கே.ஜி.எஃப். பற்றிக் கேட்டால், தயவுசெய்து இதையும் சொல்லுங்கள்.